ஃபார்ச்சூனரில் புது ஷாக் போட்டும் சத்தம் நிற்கவில்லை: அடுத்து என்ன செய்வது?

கேட்கப்பட்டது சுருக்கமாக இது: 2013 மாடல் ஃபார்ச்சூனர், 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன் முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றியாயிற்று. ஆனாலும் குண்டு குழியில் ‘டொக் டொக்’ சத்தம் போகவில்லை. முன்பக்கம் முன்னைவிட விறைப்பாகிவிட்டது. ஏழு பேர் ஏறினால் பின்பக்கம் அலைகிறது. “போட்ட ஷாக் சரியில்லை, விலை கூடியதாக நாலும் வாங்கிடலாம்” என்கிறார் மெக்கானிக். எந்த பிராண்ட் வாங்குவது?

முதலில், இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். நீங்கள் சொல்லியிருப்பது மூன்று புகார்: சத்தம், விறைப்பு, அலைச்சல். மூன்றுக்கும் ஒரே காரணம் இருக்க வாய்ப்பு குறைவு. நான் கோவையில் சஸ்பென்ஷன் வேலை மட்டும் பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். “ஷாக் போயிடுச்சுங்க” என்று சொல்லிக்கொண்டு வரும் வண்டிகளில் பலவற்றில் ஷாக் நன்றாகவே இருக்கும். போயிருப்பது அதன் பக்கத்தில் இருக்கும் வேறு ஏதாவது ஒன்று. நல்ல ஷாக்கைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பணத்தையும் கொட்டி, அதே சத்தத்தோடு வீட்டுக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு தாங்காது. அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

ஷாக் என்ன வேலை செய்கிறது என்பதில் தெளிவு வந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் எடையைத் தாங்குவதில்லை. வீட்டு ஊஞ்சலில் ஒருவரை உட்காரவைத்துத் தள்ளிவிட்டால் அது தானாக நிற்க நேரமாகும். காலைத் தரையில் உரசினால் இரண்டே ஆட்டத்தில் அடங்கிவிடும். ஸ்பிரிங்தான் ஊஞ்சல். தரையில் உரசும் அந்தக் கால்தான் ஷாக். உள்ளே ஒரு குழாய் நிறைய எண்ணெய், அதில் ஏறி இறங்கும் பிஸ்டன், பிஸ்டனில் சின்னத் துளைகளும் அவற்றை மூடியிருக்கும் மெல்லிய தகடுகளும். எண்ணெய் அந்தத் துளை வழியாக நெருக்கிக்கொண்டு போகும்போது ஆட்டத்தின் வேகம் சூடாக மாறிவிடுகிறது. கிலோமீட்டருக்கு ஆயிரம் தடவைக்கு மேல் ஷாக் ஏறி இறங்கும் என்று ஷாக் தயாரிப்பாளர்களே கணக்குச் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் உங்கள் வண்டியின் பின்பக்க ஷாக், பழையதே இன்னும் இருந்தால், 14 கோடி தடவைக்கு மேல் ஏறி இறங்கியாயிற்று.

இதிலிருந்து ஒரு விஷயம் தெரிகிறது. ஷாக் தேய்ந்தால் வண்டி ஆடும், அலையும், பிரேக் போட்டால் மூக்கைக் குத்தும். பெரும்பாலும் சத்தம் போடாது. சத்தம் வேண்டுமென்றால் எங்கோ இரும்பும் இரும்பும் மோத வேண்டும். ஷாக்கிலிருந்து அப்படிச் சத்தம் வருவது சில சமயம்தான்: ஷாக்கின் தலையை வண்டியோடு பிடிக்கும் மேல் மவுண்ட் தளர்ந்திருந்தால், கீழ் முனை வளையத்தில் இருக்கும் ரப்பர் (கீழ்க்கண் புஷ்) கிழிந்திருந்தால், இடியைத் தாங்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப் பொடிந்துபோய் ஷாக் அடிவரை போய் இடித்தால், அல்லது நீளம் போதாமல் முழுக்க நீண்டு மேலே இடித்தால். ஆகவே சத்தத்தைத் தனியாகப் பிடிப்போம்.

காலி ரோட்டில், இரண்டு முன்சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறும்படி ஒரு வேகத்தடையை நேராக, மெதுவாகக் கடந்து பாருங்கள். அப்புறம் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் இறங்கும் பள்ளத்தில் அதே வேகத்தில் விட்டுப் பாருங்கள். நேராக ஏறும்போது சத்தமில்லை, ஒரு பக்கம் இறங்கும்போது மட்டும் டொக்கென்கிறது என்றால் என் சந்தேகம் முதலில் போவது ஸ்டெபிலைசர் லிங்க் ராடுக்கு. வளைவில் வண்டி அதிகம் சாயாமல் பிடிக்கும் இரும்புக் கம்பிதான் ஸ்டெபிலைசர் பார்; அதைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சின்னத் தண்டு லிங்க் ராட். காரணம் எளிது. இடது வலதுச் சக்கரங்கள் சேர்ந்து ஏறி இறங்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கப்படுவதில்லை, லிங்க்குக்கு வேலை வராது. ஒன்று ஏறி ஒன்று இறங்கும்போதுதான் பார் முறுக்கிக்கொண்டு லிங்க்கின் பந்து முனையை இழுக்கும். அந்த முனை தேய்ந்திருந்தால் அங்கேதான் தட்டும். இந்த வயது வண்டியில் இது சகஜம்.

உறுதி செய்ய இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றிவிட்டு, பட்டறைக்குப் பக்கத்துத் தெருவில் மெதுவாக ஒரு சுற்று போய் வரலாம். வளைவில் வண்டி அதிகம் சாயும். அதனால் நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது. சத்தம் போய்விட்டால் விடை கிடைத்துவிட்டது. நாலு ஷாக்கின் விலையோடு பார்த்தால் லிங்க் ராட் சில்லறைச் செலவு. லிங்க்கைக் கழற்றும்போதே ஸ்டெபிலைசர் பாரை வண்டியின் சட்டத்தோடு பிடித்திருக்கும் ரப்பர் புஷ்ஷையும் பாருங்கள். ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தால் அதையும் மாற்றிவிடலாம்.

இன்னொரு சோதனை. சத்தம் வரும் ரோட்டில் போகும்போதே பிரேக்கை லேசாக மிதித்துப் பிடித்துக்கொண்டு ஓட்டுங்கள். சத்தம் நின்றால் அது சஸ்பென்ஷனே இல்லை. பிரேக் பேடோ, பேடை அமுக்கும் காலிப்பரின் பின்னோ ஆடுகிறது. போன வருஷம் ஒரு வண்டி வந்தது. இரண்டு தடவை ஷாக் மாற்றி, சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடிக்கும் லோயர் ஆர்மும் மாற்றி, கடைசியாக எங்களிடம் வந்தார்கள். பிரேக்கில் கால் வைத்ததும் சத்தம் காணவில்லை. சக்கரத்தைக் கழற்றினால், பேடைப் பிடித்து வைக்கும் சின்னத் தகட்டு கிளிப் ஒன்று இல்லவே இல்லை. யாரோ பேட் மாற்றும்போது திருப்பிப் போடவில்லை. கையால் பேடை ஆட்டினேன், ‘டக் டக்’. அந்த வண்டிக்காரர் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவேயில்லை.

லிங்க்கும் இல்லை, பிரேக்கும் இல்லை என்றால் அடுத்தது லோயர் பால் ஜாயிண்ட், அதாவது கீழ் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பந்து மூட்டு. இதை நான் சத்தத்துக்காக மட்டும் சொல்லவில்லை, உயிருக்காகச் சொல்கிறேன். ஃபார்ச்சூனரின் முன்பக்கம் டபுள் விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஆர்ம் பிடித்திருக்கும். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகக் கீழ் ஆர்மின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் எடை முழுவதும் லோயர் பால் ஜாயிண்ட் வழியாகத்தான் சக்கரத்துக்கு இறங்குகிறது. அது கழன்றால் சக்கரம் மடிந்துவிடும். இதைப் பார்க்கும்போது ஜாக்கியை வண்டியின் சட்டத்துக்குக் கீழே கொடுத்தால் பிடிபடாது, ஸ்பிரிங் ஆர்மைக் கீழே தள்ளி ஜாயிண்டை இறுக்கியே வைத்திருக்கும். ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில், முடிந்தவரை ஜாயிண்டுக்குப் பக்கத்தில் கொடுத்துத் தூக்க வேண்டும். பிறகு சக்கரத்துக்குக் கீழே ஒரு கடப்பாரையை விட்டு மெதுவாக நெம்பி, ஒருவர் ஜாயிண்டில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். விரலில் ஆட்டம் தெரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள், அதற்குமுன் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். ஜாயிண்டின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியே வந்திருந்தாலும் அதன் நாள் நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஸ்பேர் டயர் சரியாக மேலே ஏற்றப்படாமல் ஆடுவது, ஜாக்கி ராடு உள்ளே உருளுவது, சைலென்சர் ரப்பர் அறுந்தது, ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று ஒடிந்தது, இவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

இப்போது விறைப்பு. புது ஷாக் போட்டதும் கொஞ்சம் விறைப்பாகத் தோன்றுவது இயற்கை. பழையது வருஷக்கணக்கில் மெல்ல மெல்லச் செத்ததால் அந்தத் தொளதொளப்புக்கு உடம்பு பழகியிருக்கும். ஆனால் மூன்று மாதம் கழித்தும் சின்னக் கல்லுக்கெல்லாம் கை அதிர்கிறது என்றால் இரண்டு இடம் பார்க்க வேண்டும்.

ஒன்று, டயர் காற்று. ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவைப் பாருங்கள். பெட்ரோல் பங்க்கில் “பெரிய வண்டி” என்று 38, 40 பிஎஸ்ஐ அடித்துவிடுகிறார்கள். டயரும் ஒரு ஸ்பிரிங்தான். அதைக் கல்லாக்கிவிட்டு ஷாக்கைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

இரண்டாவதுதான் பெரிய விஷயம், நம் ஊர்ப் பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் தவறு. கீழ் ஆர்ம் புஷ், ஷாக்கின் கீழ்க்கண் புஷ் இவையெல்லாம் ரப்பரும் இரும்புக் குழாயும் ஒன்றாக ஒட்டி வார்க்கப்பட்டவை. போல்ட்டை இறுக்கியதும் நடுக் குழாய் அசையாமல் பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு ஆர்ம் ஏறி இறங்குவதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொடுத்துத்தான். வண்டியை லிஃப்ட்டில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டால் ரப்பர் தொங்கும் நிலையில் உறைந்துவிடும். வண்டியைக் கீழே இறக்கியதும் அது நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நிற்கும். அது கூடுதல் ஸ்பிரிங் மாதிரி எதிர்த்துத் தள்ளும், விறைப்பாக இருக்கும், முன்பக்கம் கொஞ்சம் உயர்ந்துகூட நிற்கும். சில மாதத்தில் ரப்பர் கிழிந்து, அப்புறம் ‘டொக்’ ஆரம்பிக்கும். உங்கள் கதையில் விறைப்பும் சத்தமும் சேர்ந்தே இருப்பதால் இதைக் கட்டாயம் பாருங்கள். வைத்தியம் சிக்கலானதில்லை: பட்டறைக் குழி (பிட்) மேல் சக்கரம் தரையில் நிற்கும்படி வண்டியை விட்டு, ஷாக்கின் கீழ் போல்ட்டைத் தளர்த்தி, வண்டியை நாலு தடவை அமுக்கிவிட்டு, அந்த நிலையிலேயே மேனுவலில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். ஆர்ம் உட்பக்க போல்ட்டைத் தளர்த்தினால் அலைன்மெண்ட் நகர்ந்துவிடும், அதனால் முடித்ததும் அலைன்மெண்ட் பார்த்தே ஆக வேண்டும். புஷ் ஏற்கெனவே கிழிந்திருந்தால் தளர்த்தி இறுக்கிப் பயனில்லை.

பொருத்துவதில் இன்னும் சில தவறுகள் உண்டு. தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் ஒன்றை நானே செய்தேன். மேல் நட்டை இறுக்கும்போது ஷாக்கின் தண்டும் கூடவே சுற்றியது. அதை நிறுத்த, தண்டின் பளபளப்பான பகுதியைப் பிளையரால் பிடித்தேன். மூன்றே வாரத்தில் அந்த ஷாக் எண்ணெய் ஒழுகிக்கொண்டு திரும்பி வந்தது. தண்டில் நகம் பட்டால் தெரியும் அளவுக்கு ஒரு கீறல்தான். அந்தக் கீறல் ஒவ்வொரு தடவை ஏறி இறங்கும்போதும் ஆயில் சீலைக் கத்தி போல அறுத்திருக்கிறது. தண்டின் உச்சியில் ஆலன் கீ நுழைய ஒரு குழியோ, ஸ்பேனர் பிடிக்கத் தட்டையான இடமோ கொடுத்திருப்பார்கள். அதைப் பிடித்துத்தான் நட்டை இறுக்க வேண்டும். நட்டு இறுக்கும் காற்றுத் துப்பாக்கியை மேல் நட்டில் வைக்கவே கூடாது.

அடுத்தது, புது ஷாக்கை டப்பாவிலிருந்து எடுத்து அப்படியே மாட்டுவது. இரட்டைக் குழாய் ஷாக்கைப் படுத்து வைத்திருந்தால் உள்குழாய்க்குள் வாயு நுழைந்திருக்கும். பொருத்துவதற்கு முன் நிமிர்த்தி வைத்து, முழுக்க அமுக்கி முழுக்க நீட்டி, நாலைந்து தடவை செய்ய வேண்டும். முதல் தடவை நடுவில் ‘லொடக்’கென்று வெறுமையாக இறங்கும், நாலாவது தடவையில் சீராக, பிசினில் கை விட்ட மாதிரி கனமாக இறங்கும். அந்த மாற்றத்தைக் கையில் உணர்ந்த பிறகு மாட்டுங்கள். செய்யாமல் மாட்டினால் ஆரம்பத்தில் சத்தம் வரும், வாடிக்கையாளர் பயந்துவிடுவார்.

பிறகு சிக்கனம். ஷாக் புதிது, ஆனால் மேல் மவுண்ட், பம்ப் ஸ்டாப், தூசி உறை மூன்றும் பழையது. 1,40,000 கிலோமீட்டர் ஓடிய மேல் மவுண்ட் ரப்பரைப் புது ஷாக்கின் தலையில் போட்டால் ‘டொக்’ சத்தத்தை நாமே காசு கொடுத்து வைத்துக்கொண்ட மாதிரி. உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள். மேல் மவுண்ட் அதில் இல்லை என்றால் சந்தேகப் பட்டியலில் அதையும் சேருங்கள். பானெட்டைத் திறந்து மவுண்ட் இருக்கும் இடத்தில் ஒரு உள்ளங்கையை வையுங்கள். இன்னொருவர் வண்டியை மூலையில் அமுக்கி அமுக்கி விடட்டும். தட்டுவது உள்ளங்கைக்குத் தெரியும்.

பின்பக்கம் அலைவதற்கு வருவோம். இதில் நான் இரண்டு கேள்வி கேட்பேன். மேலும் கீழும் ஆடுகிறதா, அல்லது வால் பக்கவாட்டில் ஆடுகிறதா?

மேலும் கீழும் என்றால், ஒரு மேட்டில் ஏறி இறங்கிய பிறகும் இரண்டு மூன்று தடவை மிதந்துகொண்டே வருகிறது என்றால், பின் ஷாக் முடிந்துவிட்டது. இவ்வளவு கிலோமீட்டருக்கு அது முடிந்திருப்பதில் ஆச்சரியமில்லை. தயாரிப்பாளர்கள் 80,000 கிலோமீட்டர் வாக்கில் சோதித்து மாற்றச் சொல்வார்கள். பின் டயரில் கையைத் தடவிப் பாருங்கள்: வட்டமாக ஓடாமல் அங்கங்கே கிண்ணம் கிண்ணமாகத் தேய்ந்திருந்தால் அதுவும் சாட்சி. வண்டியின் மூலையை அமுக்கி எத்தனை தடவை ஆடுகிறது என்று பார்க்கும் பழைய சோதனையை இவ்வளவு கனமான வண்டியில் நான் முழுசாக நம்புவதில்லை. நம்புவது சூட்டை. மோசமான ரோட்டில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு உடனே நிறுத்தி, நாலு ஷாக்கின் உடம்பையும் புறங்கையால் ஜாக்கிரதையாகத் தொட்டுப் பாருங்கள். வேலை செய்கிற ஷாக் சூடாக இருக்கும். மூன்று சூடாக இருந்து ஒன்று மட்டும் குளிர்ந்து கிடந்தால், அது சும்மா கூட வந்திருக்கிறது. ஒழுகலைப் பொறுத்தவரை, சீலுக்குப் பக்கத்தில் மெல்லிய பிசுபிசுப்பும் அதில் தூசி ஒட்டியிருப்பதும் சாதாரணம். எண்ணெய் கோடாக வழிந்து பாதி உடம்பு நனைந்திருந்தால்தான் மாற்ற வேண்டும்.

வால் பக்கவாட்டில் ஆடுகிறது என்றால் கதை வேறு. ஃபார்ச்சூனரின் பின்பக்கம், அதன் உறவுக்காரனான இன்னோவாவைப் போலவே, உறுதியான ஆக்ஸிலை நாலு லிங்க்கும் ஒரு லேட்டரல் ராடும் பிடித்திருக்கும் அமைப்பு. ஆக்ஸில் இடது வலதாக நகராமல் பிடிப்பது அந்த ஒற்றை லேட்டரல் ராட். அதன் இரண்டு முனை புஷ்ஷும் போய்விட்டால் வண்டி வளைவில் ஒரு நொடி தாமதித்துப் பின்னால் வந்து சேர்கிற மாதிரி இருக்கும், லாரி பக்கத்தில் கடக்கும்போது வால் நெளியும். எவ்வளவு விலையுள்ள ஷாக் போட்டாலும் இது தீராது. ஒருவர் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளி ஆட்ட, இன்னொருவர் கீழே படுத்து ராடின் முனையைப் பார்த்தால் போதும்.

ஏழு பேர் ஏறியதும் பின்பக்கம் தாழ்ந்துபோய் நிற்கிறதா? அப்படியென்றால் அது ஸ்பிரிங்கின் குறை. சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து நாலு மூலையும் அளந்து எழுதிவையுங்கள். காலியாக ஒரு தடவை, ஆள் ஏற்றி ஒரு தடவை. இடது வலதுக்குள் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இருந்தாலும், ஆள் ஏறியதும் பம்ப் ஸ்டாப்பைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்தாலும் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும். இறுக்கமான ஷாக் போட்டால் வண்டி உயரும் என்று சில கடைகளில் சொல்வார்கள். வாயு நிரப்பிய ஷாக்கின் தள்ளுதலால் சில மில்லிமீட்டர் ஏறலாம், அவ்வளவுதான்.

இத்தனையும் பார்த்த பிறகு ஷாக் வாங்கத்தான் வேண்டும் என்று தெரிந்தால், எது வாங்குவது?

இரண்டு வகைக் கட்டமைப்பு உண்டு. இரட்டைக் குழாய் வகையில் உள்குழாயில் பிஸ்டன், வெளிக்குழாயில் மீதி எண்ணெயும் குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜனும். வண்டியோடு வரும் ஷாக்குகளில் பெரும்பாலானவை இதுதான். சொகுசாக இருக்கும், விலை குறைவு, வெளியே கல் பட்டு நசுங்கினாலும் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். ஒற்றைக் குழாய் வகையில் எண்ணெயையும் வாயுவையும் ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரித்து வைத்திருக்கும், அழுத்தம் 20 முதல் 30 பார் (இங்கே பார் என்பது அழுத்தத்தின் அளவு) வரை. இதை உருவாக்கியவர் பூர்சியே த கார்பன் என்ற பிரெஞ்சுக்காரர். ஜெர்மனியின் பில்ஸ்டைன் 1954-இல் உரிமை வாங்கி 1957-இல் மெர்சிடிஸ் பென்ஸ் வண்டிகளில் கொண்டுவந்தது. எண்ணெய் நுரைக்காது என்பதுதான் இதன் பெரிய பலம். ஷாக் தொடர்ந்து வேலை செய்து சூடாகும்போது இரட்டைக் குழாயில் எண்ணெயும் வாயுவும் கலந்து நுரைத்து, இறுக்கம் திடீரென்று குறையும். ஒற்றைக் குழாயில் சூடு நேரடியாக வெளிச்சுவர் வழியாகக் காற்றுக்குப் போய்விடும். ஆனால் அந்த ஒரே சுவரில் பெரிய கல் பட்டு நசுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். மெதுவாக ஊருக்குள் ஓட்டும்போது இது கொஞ்சம் கடினமாகவும் இருக்கும்.

வால்பாறை எஸ்டேட்டிலிருந்து ஒருவர் ஃபார்ச்சூனர் கொண்டுவருவார். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு, மேலே எஸ்டேட்டுக்குள் கல் ரோடு, பின்னால் எப்போதும் சாமான். அவருக்கு இரண்டு தடவை சாதாரண ஷாக் போட்டும் சீக்கிரம் தளர்ந்தது. குழாயின் விட்டம் பெரிதாக உள்ள கனரக வகை போட்ட பிறகுதான் நிம்மதி. அவருடைய பழைய ஷாக்கைக் கழற்றித் தரையில் நிறுத்தி அமுக்கியபோது, முதல் கட்டைவிரல் நீளம் எந்த எதிர்ப்பும் இல்லாமல் இறங்கியது, உள்ளே ‘குளுக்’ என்று தண்ணீர்க் குடம் மாதிரிச் சத்தம். வெளியே ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. ஒழுகாத ஷாக் நல்ல ஷாக் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உங்கள் ஓட்டம் ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும்தான் என்றால் என் பரிந்துரை நேரடியானது: டொயோட்டாவின் ஒரிஜினல், அல்லது அதே தன்மையில் வரும் கேஒய்பி, மன்றோ, கேப்ரியல் போன்றவர்களின் வாயு நிரப்பிய இரட்டைக் குழாய் வகை. பில்ஸ்டைனில் பி4 என்பது கம்பெனி ஷாக்குக்கு இணையானது, பி6 என்பது அதைவிட இறுக்கமான ஒற்றைக் குழாய். பெயர் பார்த்து மயங்கி பி6 வாங்கிவிட்டு “குதிக்கிறது” என்று வருத்தப்படாதீர்கள். ஓல்ட் மேன் எமு, அயர்ன்மேன் போன்ற ஆஸ்திரேலியத் தயாரிப்புகள் பாரமும் காட்டு ரோடும் உள்ளவர்களுக்கு அருமையானவை. ஆனால் அவை தங்கள் சொந்த ஸ்பிரிங்கோடு சேர்த்து வடிவமைக்கப்பட்டவை. பாரத்துக்கு ஏற்ற ஸ்பிரிங்கையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். காலி வண்டியில் கனரக ஸ்பிரிங் போட்டால் குடும்பத்துக்கு இடுப்பு வலிதான்.

எதை வாங்கினாலும் சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பாக எண்ணை (பார்ட் நம்பர்) உறுதி செய்துகொள்ளுங்கள். டூ வீல் டிரைவ், ஃபோர் வீல் டிரைவ் வித்தியாசம், வருஷ வித்தியாசம் எல்லாம் உண்டு. ஒரே அச்சில் இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்றுங்கள். நாலும் ஒரே நாளில் மாற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஸ்கார்ப்பியோ-என், எக்ஸ்யூவி700 மாதிரி, அதிர்வுக்கு ஏற்ப இறுக்கம் மாறும் ஷாக்கோடு வரும் வண்டிக்காரர்கள் அதே வகையையே போடுவது நல்லது.

ரீகண்டிஷன் ஷாக் பக்கமே போகாதீர்கள். பழைய ஷாக்கில் ஓட்டை போட்டு, ஏதோ எண்ணெய் ஊற்றி, பற்றவைத்து, கறுப்புப் பெயிண்ட் அடித்துக் கொடுப்பார்கள். பிரித்துச் சீர்செய்யும்படி தயாரிக்கப்பட்ட விலையுயர்ந்த ஒற்றைக் குழாய் ஷாக்குகள் வேறு. போலி ஷாக்கும் உலவுகிறது. டப்பாவின் அச்சு, எம்ஆர்பி ஸ்டிக்கர், ஷாக் உடம்பில் பொறித்திருக்கும் எண், வெல்டிங்கின் சுத்தம் பாருங்கள். ஜிஎஸ்டி பில் தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

உயரம் ஏற்றுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் ஷாக் மாற்றும்போது “கூடவே இரண்டு இன்ச் தூக்கிடலாங்களா” என்று யாராவது கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன். முன்பக்கத்தில் மவுண்டுக்கு மேல் ஒரு ஸ்பேசர் வைத்துத் தூக்கினால் ஷாக்கின் நீளம் மாறுவதில்லை, ஆர்ம் மட்டும் கீழே போகும். நம் ஊர் வேகத்தடைகள் எப்படி இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். ஐஆர்சி 99 என்ற இந்தியச் சாலைத் தரத்தின் 1988 பதிப்பு, ஒரு வேகத்தடை (வண்டி போகும் திசையில்) 3.7 மீட்டர் அகலமும் 10 செண்டிமீட்டர் உயரமும், 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும்படியும் இருக்க வேண்டும் என்றது. கிராமத்து ரோட்டில் இருப்பது ஒரு முழ அகலத்தில் சுவர் மாதிரி. அதில் ஏறி சக்கரம் சட்டென்று தொங்கும்போது, தூக்கிய வண்டியின் மேல் ஆர்ம் ஸ்பிரிங்கில் இடித்தோ ஷாக் முழுக்க நீண்டோ ‘டங்’ என்று கேட்கும். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் முன்சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் கோணமும் கூடி ரப்பர் பூட் கிழியும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும், பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்ற விடுவதில்லை. அவசியமில்லாமல் தூக்காதீர்கள்.

பின் ஷாக்கை வீட்டிலேயே மாற்ற ஆசைப்படுபவர்கள் மாற்றலாம். ஸ்பிரிங் தனி, ஷாக் தனி என்பதால் சாதாரண ஸ்பேனர் செட் போதும். ஆனால் ஆக்ஸிலுக்கு அடியில் கட்டாயம் ஸ்டாண்ட் கொடுக்க வேண்டும். ஆக்ஸில் எவ்வளவு கீழே தொங்கலாம் என்பதைத் தடுத்து வைத்திருப்பது ஷாக்தான். அதைக் கழற்றியதும் ஆக்ஸில் இறங்கி பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் ஒயரையும் இழுத்துவிடும். முன்பக்கத்தை மட்டும் வீட்டில் தொடவே வேண்டாம். அமுக்கிய ஸ்பிரிங் கழன்றால் ஆளைக் கொன்றுவிடும், அதற்கென்ற கம்ப்ரஸர் கருவியும் பழகிய கையும் வேண்டும். கழற்றிய பழைய வாயு ஷாக்கை நெருப்பில் போடுவதோ கட்டரால் அறுப்பதோ கூடாது.

உங்கள் வேலை வரிசை இப்படி இருக்கட்டும். இன்றைக்குக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைச் சரிசெய்யுங்கள். பிறகு வேகத்தடைச் சோதனையும் பிரேக் சோதனையும். அப்புறம் பட்டறைக்குப் போய் பால் ஜாயிண்ட், லிங்க் ராட், மேல் மவுண்ட், பின்னால் லேட்டரல் ராட். முன் ஷாக்கின் கீழ் போல்ட்டைச் சக்கரம் தரையில் நிற்கும் நிலையில் தளர்த்தி இறுக்கச் சொல்லுங்கள். என் கணிப்பு, முன்பக்கம் இதிலேயே சரியாகிவிடும், பின்பக்கத்துக்கு மட்டும் ஒரு ஜோடி ஷாக் தேவைப்படும். லிங்க் ராடைக் கழற்றி ஓட்டியபோது சத்தம் என்ன ஆனது, நாலு மூலை உயரம் எத்தனை வந்தது என்று எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு ஸ்பிரிங் மாற்ற வேண்டுமா என்று சொல்கிறேன்.